பதினொன்றாவது ஊசி

துறைமுகத்தில் நான் விஞ்ச் ஓட்டினேன். கப்பலின் அடியிலிருந்து மூட்டைகளைக் கொத்தாகத் தூக்கி, கீழே நிற்கும் ஆட்களின் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் கரையில் இறக்குகிற இயந்திரம் அது. கை ஒரு விநாடி நடுங்கினால் கீழே இருப்பவன் நசுங்கிவிடுவான். என் கை நடுங்கியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான். இனி சொல்லப்போவது முழுக்க நான் பயந்த கதை என்பதால், முதல் வரியாவது என் பக்கம் இருக்கட்டும்.

எழுபதுகளின் ஆரம்பம். ராயபுரத்தில், கல்மண்டபத்தை ஒட்டிய சந்து ஒன்றில் நானும் என் மனைவியும் நாலு வயது மகளும் குடியிருந்தோம். எனக்கு மதியம் இரண்டு மணி ஷிப்ட். காலையில் வெட்டியாகத்தான் இருப்பேன். அப்படி ஒரு காலையில், மீன் வாங்கிக்கொண்டு வந்தபோது, பின்னாலிருந்து ஒரு நாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. அது குரைக்கவில்லை. வந்தது, கவ்வியது, விட்டது, போய்விட்டது. தெருவில் நாய் கடிப்பது ஒரு விஷயமா? மனைவி சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வைத்து அப்பினாள். எரிச்சலில் நான் கத்த, மகள் கைகொட்டிச் சிரித்தாள்.

மறுநாள் அதே நாய் ஓர் ஆட்டையும் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மனிதரையும் கடித்தது. வாயில் நுரை தள்ள, கோணலாக ஓடியதாம். கரையில் இருந்தவர்கள் துடுப்பால் அடித்துக் கொன்றார்கள். கொன்றதும் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார்கள், துக்கம் சொல்ல வருகிற முகத்தோடு.

"ஒன்னையும் அதானேபா கடிச்சுது?"

அன்று மாலையே எங்கள் பகுதி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பதினாலு ஊசி. தொப்புளைச் சுற்றி, வயிற்றில். ஒரு நாளைக்கு ஒன்று. ஒன்று குறைந்தாலும் பொறுப்பு எங்களுடையது இல்லை.

இப்போது உள்ளவர்களுக்கு அந்த ஊசியைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டார்கள். கண்ணாடிக் குழல், அதன் முனையில் கோணி தைக்கிற ஊசிக்குத் தங்கச்சி மாதிரி ஒன்று. நாய்க்கடிக்காரர்களுக்கு என்று தனி அறை. காலை எட்டு மணிக்கு வரிசையில் நின்று, சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போகவேண்டும். அங்கே ஒரு சிஸ்டர். கட்டை குட்டையான அம்மாள், குரல் மட்டும் கப்பல் சங்கு. முதல் நாள் என் வயிற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

"இது கடிகாரம்னு வெச்சுக்கோ. தெனம் ஒரு இடம். போட்ட இடத்துலயே போட்டா கல்லு மாதிரி ஆயிடும்."

போடாத இடமும் கல்லாகத்தான் ஆனது. மூன்றாம் நாளே வயிறு வீங்கி, சிவந்து, வேட்டி பட்டாலே சுரீர் என்றது. ராத்திரி படுத்தால் மறுநாள் காலை நினைவுக்கு வரும். சாப்பிட்டால் நினைவுக்கு வரும். ஸ்டீல் தட்டின் மூடியை யாராவது டங்கென்று வைத்தால் எனக்கு வயிற்றுச் சதை தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் ஊசி கொதிக்கிற பாத்திரத்தின் மூடிச் சத்தம் அதேதான்.

என் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்தாள். நோயாளிகள் ரத்தம் துப்பும் கிண்ணத்தைக் கழுவுவது, ஊசிகளைக் கொதிக்கவைப்பது, பயந்து எழுந்து ஓடுகிற குழந்தைகளைப் பிடித்து உட்காரவைப்பது. வேடிக்கை என்னவென்றால் ஊசிக்கு அவளைப் போலப் பயந்தவள் ராயபுரத்திலேயே கிடையாது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் மூக்குக் குத்த ஆசாரியை வரவழைத்திருந்தார்கள். அவர் ஊசியைத் தணலில் காட்டியதுதான் தாமதம், இவள் எழுந்து ஓடி, மாதா கோயிலுக்குள் புகுந்து, சாமியார் உட்கார்ந்து பாவம் கேட்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டில் ஒளிந்துகொண்டாள். வாங்கிவைத்த மூக்குத்தி தங்கைக்குப் போயிற்று. மூளி மூக்கோடுதான் எனக்குக் கழுத்தை நீட்டினாள். அதைச் சொல்லிச் சொல்லி ஐந்து வருடமாக நான் அவளைக் கலாய்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கடையிலும் ஊசியை இடுக்கியால் எடுத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் தட்டில் வைப்பாளாம்.

மூன்றாம் நாள் நான் வீங்கின வயிற்றோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது அவள் சொன்னாள்:

"எங்க டாக்டரு ஊசி போட்றதுக்கு மின்னாடி ஈறுல ஒரு களிம்பு தடவுவாருய்யா. மரத்துப் பூடும். ஊசி போறதே தெரியாது. ஒனக்கு இத்தினி கேட்டு வாங்கியாரட்டுமா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இன்னாமே, நான் இன்னா பச்சக் கொயந்தையா? மூக்குக் குத்திக்கவே ஓடுனவ எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா. கம்முனு கெட."

கம்மென்றுதான் இருந்தாள். பயந்தவனுக்குக் கோபம்தானே முதலில் வரும். அது அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

ஆறாம் நாள் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் அந்த வலை பின்னுகிற மனிதர். உள்ளே போனார். "ஏசுவே" என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு தொப்பென்று விழுகிற சத்தம். அவரை வெளியே தூக்கிவந்து பெஞ்சில் கிடத்தினார்கள். சிஸ்டர் எட்டிப் பார்த்து, "அடுத்தது யாரு?" என்றார். அடுத்தது நான். ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பின்பக்கச் சுவரேறிக் குதித்து ஓடினேன். முப்பது வயது ஆம்பிளை, விஞ்ச் ஓட்டுகிறவன், ஆஸ்பத்திரிச் சுவரேறிக் குதித்தேன்.

ஓடிப்போய், கடல் அரிக்காமலிருக்கக் கரையோரம் கொட்டிவைத்திருந்த கருங்கற்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரியதாக நிம்மதி இருந்தது. இன்றைக்கு ஊசி இல்லை. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது மனைவிக்கு விஷயம் தெரிந்திருந்தது. வேலைக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரியை எட்டிப் பார்த்திருக்கிறாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்:

"நீ செத்துப்பூட்டா நான் இன்னாய்யா பண்றது? இத்த வெச்சிகினு?"

'இது' அப்போது மூலையில் பாத்திரங்களை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது.

மறுநாள் என் கையைப் பிடித்து, இழுத்துக்கொண்டேதான் போனாள். சிஸ்டர் எல்லோர் முன்னாலும் என்னை உரித்தெடுத்தார். "ஒரு நாள் விட்டே, சேர்த்துப் போட்டுக்கலாம். இன்னொரு நாள் விட்டேன்னா இங்க வராதே, நேரா கல்லறைக்குப் போ." ஆறாவது ஊசியும் ஏழாவது ஊசியும் அவள் கையை நசுக்கிக்கொண்டே போட்டுக்கொண்டேன். இன்னும் ஏழு இருந்தன. என்னால் முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எட்டாவது ஊசியன்று காலை அவள் ஒரு கிண்ணத்தில் விளக்கெண்ணெயும் நாலு வெற்றிலையும் கொண்டுவந்தாள்.

"வீக்கத்துக்கு வெத்தல கட்னா எறங்கும்னு மீன்காரம்மா சொல்லிச்சு. அந்தாண்ட திரும்பிப் படு, வயித்தப் பாத்துகினே கீறியே."

குழந்தைக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் வெற்றிலை வாட்டிப் போடுகிற வழக்கம் எங்களில் எல்லார் வீட்டிலும் உண்டு. பெரிய மனிதனின் வயிற்றில் போட்டால் என்ன? முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எண்ணெய் தடவி, விளக்கில் வாட்டின வெற்றிலையை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, பழைய புடவைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஏழு.

"எட்டு மணி வரைக்கும் அவுக்காத. உள்ள போறப்பதான் அவுக்கணும். புரிஞ்சுதா?"

"சரி, சரி."

அன்று ஊசி அவ்வளவாக வலிக்கவில்லை. உள்ளே மருந்து இறங்கும்போது ஒரு கனம், அவ்வளவுதான். நான் கண்ணைத் திறந்து, "போட்டாச்சா?" என்று கேட்டேன். சிஸ்டரே ஆச்சரியமாகப் பார்த்தார். ஒன்பதாம் ஊசியும் அப்படியே போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. பழகிவிட்டது, தைரியம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அன்றைக்கு வேலைக்குப் போனதும் வாய் சும்மா இருக்கவில்லை. தோஸ்து ஒருவன் இருந்தான். சடையங்குப்பத்துக்காரன், கப்பலின் அடித்தளத்தில் மூட்டை கட்டுகிறவன். சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன்.

"ஒம்போதாச்சு மாமு. இப்பல்லாம் வலிக்கவே மாட்டேங்குது. எறும்பு கடிக்கிற மாறிகூட இல்ல."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் கையிலிருந்த சோற்றை மறுபடி தூக்குச் சட்டியில் போட்டான்.

"வலிக்கலியா?"

"துளிகூட இல்லபா."

"வலிக்கணுமே நைனா."

அப்புறம் அவன் சொல்லத் தொடங்கினான். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவன் கெட்டவன் இல்லை, பயந்துபோனதால் சொன்னான். அவன் சித்தப்பா மகனை நாய் கடித்ததாம். நாய் கடித்தால் வயிற்றில் குட்டி வைக்கும், அதைக் கொல்லத்தான் வயிற்றில் ஊசி. மருந்து ஜெயித்தால் வயிறு வலிக்கும். மருந்து தோற்றால் வயிறு மரத்துப்போகும். அந்தப் பையனுக்கு அப்படித்தான் ஆனதாம்.

"மொதல்ல வயிறு மரத்துப் பூச்சுன்னான். ரெண்டு நாளு கயிச்சி, தண்ணிக் கொடத்தப் பாத்து அலற ஆரம்பிச்சுட்டான். அப்பால..."

"அப்பால?"

"உடு மாமு. நீ ஊசி போட்டுகினு வா. ஒண்ணியும் ஆவாது."

வயிற்றில் நாய்க்குட்டி என்பதெல்லாம் கட்டுக்கதை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கும் பாதி தெரியும். ஆனால் பயம் வந்தவனுக்குத் தெரிந்த பாதி உதவுவதில்லை. நான் விஞ்சுக்குத் திரும்பினேன். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் கறுப்பாக ஆடிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருடமாகப் பார்க்கிற தண்ணீர். அன்று அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பயமாக இருக்கிறதா என்று என்னை நானே கேட்டேன். ஆமாம், இருந்தது. தண்ணீரைக் கண்டு பயந்தேனா, பயப்படுவேனோ என்று பயந்தேனா? இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. மூட்டைக் கொத்து அந்தரத்தில் இருந்தபோது என் கை நடுங்கியது. கீழே ஆட்கள் கத்தினார்கள். தலைசுற்றுகிறது என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

மறுநாள், பத்தாவது ஊசி. வரிசையில் நிற்கும்போது வெற்றிலையை அவிழ்த்துவிட்டு வயிற்றைத் தொட்டேன். கிள்ளினேன். நகம் பதியக் கிள்ளினேன். கிள்ளின தடம் வெள்ளையாகத் தெரிந்தது, வலி தெரியவில்லை. வேறு யாருடைய வயிற்றையோ கிள்ளின மாதிரி இருந்தது. தொப்புளைச் சுற்றி எங்கெங்கும் அப்படியே. எனக்கு வேர்த்து ஊற்றியது. உள்ளே போனேன், ஊசி போட்டார்கள், சிஸ்டர், "பரவாயில்லையே, நல்ல ஆளாயிட்டே," என்று முதுகில் தட்டினார்.

அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம். சொன்னால், நாய் மாதிரி ஆனவர்களை அடைத்துவைக்கிற கம்பிக் கதவு போட்ட அறை ஒன்று இருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொள்வார்களே, அங்கே கொண்டுபோய்ப் பூட்டிவிடுவார்கள். அப்படித்தான் நினைத்தேன். மனைவியிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவள்தான் அன்றைக்கே கேட்டுவிட்டாளே, நான் செத்தால் என்ன செய்வது என்று.

எனக்கும் மகளுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அவள் கன்னத்தைக் காட்டுவாள், நான் "கடிச்சிடுவேன்" என்று பல்லைக் காட்டி உறுமுவேன், அவள் கீச்சென்று கத்தி ஓடுவாள், மறுபடி வந்து காட்டுவாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து கன்னத்தைக் காட்டினாள். என் வாயிலிருந்து இரண்டு விரல்கடை தூரத்தில் அந்தக் கன்னம். நான் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவளே முடிவுகட்டி, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரைத் தளும்பத் தளும்பக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அப்பா, தண்ணி."

எனக்குத் தொண்டை இறுகியது. "எட்த்துகினு போ அத்த!" என்று கத்தி, தட்டிவிட்டேன். டம்ளர் உருண்டது. தண்ணீர் என் கால்வரை ஓடிவந்தது. நான் காலை இழுத்துக்கொண்டேன். மகள் அழக்கூட இல்லை, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்போதுதான் முடிவு செய்தேன். நான் இந்த வீட்டில் இருக்கக் கூடாது.

பதினொன்றாம் ஊசிக்கு மனைவி வழக்கம்போல ஏழு மணிக்கு வெற்றிலை கட்டினாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், தொடவில்லை. தெருமுனையில் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பாமல் கடல் பக்கம் திரும்பினேன். எண்ணூர் பஸ் பிடித்து, கழிமுகத்துப் பக்கம் போய்விடலாம், அங்கே என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை, ஆகிறது அங்கே ஆகட்டும் என்பதுதான் திட்டம். ஆனால் கருங்கற்களுக்கு வந்ததும் கால் நகரவில்லை. உட்கார்ந்து கட்டை அவிழ்த்தேன், கிள்ளிப் பார்த்தேன். மரத்துத்தான் இருந்தது. வெற்றிலையைக் கடலில் வீசினேன். இரண்டு பஸ் போனது. வாய்விட்டு அழுதேன். அழும்போது என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. அது குரைப்பா என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். அந்த அளவுக்கு இருந்தது என் நிலைமை.

வெயில் ஏறி, கல்லெல்லாம் சுடத் தொடங்கியபோது அவள் வந்தாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வேலைக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரியை எட்டிப் பார்த்திருக்கிறாள், ஆள் இல்லை. முதல் தடவை ஓடிவந்த இடம் எது என்று என்னிடம் முன்பே கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லுக்குக் கல் தாண்டி வந்தாள்.

"கிட்ட வராத!"

"இன்னாய்யா ஆச்சு ஒனக்கு? பத்து ஊசி போட்டுகினு இப்ப வந்து குந்திகினு கீற?"

"கிட்ட வராதன்றேன்! எனக்கு வந்துடுச்சுமே. வயிறு மரத்துப் பூச்சு. மூணு நாளா மரத்துகினு கீது. மருந்து புடிக்கல. நான் கடிச்சிடுவேன், போ!"

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். முகம் வெளுத்தது. பிறகு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ, அது களிம்புய்யா! நான் தடவுன களிம்பு!"

எனக்குப் புரியவில்லை. அவள் மூச்சிரைக்க, கோர்வையில்லாமல் சொன்னாள். நான் சுவரேறிக் குதித்த அன்றைக்கே டாக்டரிடம் அந்தக் களிம்பைக் கேட்டு வாங்கிவிட்டாளாம். அவர், இது ஈறுக்குத்தான் கேட்கும், தோல் தடிமன், வயிற்றில் வேலை செய்யாது என்றாராம். கெஞ்சியிருக்கிறாள். ரொம்ப நேரம் அப்பி மூடிவைத்தால் ஒருவேளை கேட்கலாம், எவ்வளவு நேரம் என்று எனக்கே தெரியாது, ரொம்பத் தடவிவிடாதே என்று சொல்லி ஒரு டியூபைக் கொடுத்தாராம். என்னிடம் சொன்னால் தூக்கி எறிவேன். அதனால் எண்ணெயும் வெற்றிலையும்.

நான் நம்பவில்லை. நம்ப ஆசையாக இருந்ததாலேயே நம்பவில்லை. "பொய் சொல்ற. சாவறவனுக்கு ஆறுதல் சொல்ற."

"சத்தியமாய்யா."

"டாக்டருக்கே நேரம் தெரியாதுன்ற. ஒனக்கு மட்டும் எப்டித் தெரிஞ்சுது, ஏயு மணிக்குக் கட்டி எட்டு மணிக்கு அவுக்கச் சொல்றதுக்கு?"

அவள் சாலைப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள். கிட்டே வந்தாள். நான் பின்னால் நகர இடமில்லை, கடல்தான். புடவையை ஒதுக்கி இடது பக்க வயிற்றைக் காட்டினாள்.

இடுப்புக்கு மேலே வரிசையாகப் புள்ளிகள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. முதலில் இருந்தவை காய்ந்து கறுத்து, சுற்றிலும் வீங்கியிருந்தன. போகப்போகச் சின்னதாகின. அவள் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள்.

"இது கால் மணி. ரத்தம் வந்துடுச்சு. பக்கத்து வூட்டுல கேட்ற மாறிக் கத்திட்டேன். இது அர மணி. இதுவும் வலிச்சுது. இது முக்கா மணி, சுருக்குன்னுச்சு. இதுதான் ஒரு மணி. குத்துனதே தெரியல. சரியான்னு இன்னோரு தபா பாத்தேன், இது. நீ ஷிப்டுக்குப் போனப்பால குந்திகினு ரெண்டு நாளாப் பாத்தேன்."

"எத்த வெச்சுக் குத்துன?"

தோளில் புடவையைப் பிடித்திருந்த ஊக்கைத் தொட்டுக் காட்டினாள்.

ஆசாரியின் ஊசிக்குப் பயந்து பாவசங்கீர்த்தனக் கூண்டில் ஒளிந்தவள். அந்த வரிசையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முதல் குத்தில் கத்தியவள் இரண்டாவதை எப்படிக் குத்திக்கொண்டாள் என்றுதான் யோசனை ஓடியது. அழுதேன். இந்தத் தடவை குரல் மனிதக் குரலாகவே கேட்டது.

"அப்பால அயலாம். பதினோரு மணிக்குப் பூட்டிடுவாங்க. எய்ந்திருய்யா!"

ஓடினோம். கல்மண்டபம் சாலையில் லாரிகளுக்கு நடுவில், நான் முன்னால், அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால். சிஸ்டர் தட்டை மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என்ன சொல்ல வாயெடுத்தாரோ, பின்னால் நின்றவளின் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் மூடியைத் திறந்தார்.

வெற்றிலையை அவிழ்த்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. சட்டையைத் தூக்கினேன். ஊசி உள்ளே போனது.

வலித்தது! அம்மாடி, என்ன வலி! அடிவயிறு முழுக்க நெருப்பு வைத்த மாதிரி வலித்தது. நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டார்களாம். சிஸ்டர் பயந்துபோய், "என்னப்பா, மூணு நாளா நல்லாத்தானே இருந்தே," என்றார். எனக்கு வலி தெரிகிறது என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெறி வந்தவன் என்றுதான் அப்போது அவர் நினைத்திருப்பார்.

வெளியே வராந்தாவில் ஒரு மண்பானை இருந்தது. மனைவி மொண்டு நீட்டினாள். டம்ளரைக் கையில் வாங்கியபோது ஒரு நொடி பழைய பயம் தலைகாட்டியது. அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்தேன். இன்னொன்று கேட்டேன். நாலு டம்ளர் குடித்தேன்.

மீதி மூன்று ஊசிக்கும் அவள் டியூபை மறைக்காமல் எடுத்துவந்து என் கண்முன்னால் தடவினாள். நான் ஒரு நிபந்தனை போட்டேன். வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தடவாமல் விடவேண்டும். வரிசையில் நிற்கும்போது அந்த இடத்தைக் கிள்ளிப் பார்ப்பேன். வலிக்கும். சரி, இன்றைக்கும் நான்தான் என்று தெரிந்துகொண்டு உள்ளே போவேன்.

இப்போது எங்கள் பேத்திக்கு ரத்தம் எடுக்கவேண்டும் என்றால், ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே கையில் ஒரு வெள்ளைக் களிம்பைத் தடவி, மேலே கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றை ஒட்டி உட்காரவைக்கிறார்கள். போன மாதம் கூடப் போயிருந்தோம். பத்து நிமிஷத்தில் குழந்தை நச்சரிக்க ஆரம்பித்தது. நர்ஸ் பெண், "இன்னும் கொஞ்ச நேரம்தான் கண்ணா," என்று சமாதானம் சொன்னாள்.

"கொஞ்ச நேரம்லாம் இல்லமா," என்றாள் என் மனைவி. "ஒரு மணி நேரம் ஆவணும். முக்கா மணில எட்த்தா சுருக்குங்கும்."

நர்ஸ் சிரித்தாள். "கரெக்டா சொல்றீங்களே பாட்டி. யாரு சொன்னாங்க?"

என் மனைவி தோளில் குத்தியிருந்த ஊக்கைச் சரிசெய்துகொண்டாள். நான் அவளுடைய மூளி மூக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.